ஒரு வசனத்தின் தூரம்

அப்போஸ்தலர் நடபடிகள், பதின்மூன்றாம் அதிகாரம். பவுலும் பர்னபாவும் சைப்ரஸ் தீவின் பாப்போ பட்டணத்தில் கப்பலேறி, இன்றைய துருக்கியின் தென்கரையில் இருக்கும் பெர்கேக்கு வந்து சேருகிறார்கள். உதவிக்குக் கூட வந்த யோவான் மாற்கு அங்கேயே அவர்களை விட்டுப் பிரிந்து எருசலேமுக்குத் திரும்பிவிடுகிறான். அடுத்த வசனத்துக்குப் போனால், மற்ற இருவரும் பிசீதியா நாட்டு அந்தியோகியாவில் ஓய்வுநாளன்று ஜெப ஆலயத்துக்குள் போய் உட்கார்ந்தாயிற்று. இடையில் நடந்ததைப் பற்றி லூக்கா மூச்சு விடவில்லை.

அந்த இடைவெளி நேர்கோட்டில் அளந்தாலே சுமார் 150 கிலோமீட்டர். பெர்கே கடல்மட்டத்தை ஒட்டிய சமவெளி. அந்தியோகியா ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுநிலம். நடுவே டாரஸ் மலைத்தொடர்: பைன், தேவதாருக் காடுகள், ஆழமான பள்ளத்தாக்குகள், குளிர்காலத்தில் கணவாய்களை அடைத்துக்கொள்ளும் பனி. இருவரும் நடந்தார்களா, கழுதை பிடித்தார்களா, வியாபாரிகள் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்களா, இரவில் எங்கே தங்கினார்கள்? எதுவும் தெரியாது.

லூக்காவுக்குப் பயணத்தை எழுத வராது என்று சொல்லிவிட முடியாது. இதே நூலின் இருபத்தேழாம் அதிகாரத்தில் ஒரு கப்பற்சேதம் வருகிறது. காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது, கப்பலைக் கயிறுகளால் எப்படிக் கட்டினார்கள், விழுதுவிட்டுப் பார்த்தபோது முதலில் எத்தனை பாகம், அப்புறம் எத்தனை பாகம், கப்பலில் மொத்தம் 276 பேர் என்பதுவரை எழுதுகிறார். அந்தக் கப்பலில் அவரும் இருந்தார் என்பது ‘நாங்கள்’ என்று எழுதும் தொனியிலேயே தெரிகிறது. மலையேறியபோது அவர் கூட இல்லை. பவுலும் பிற்பாடு அதை விஸ்தாரமாகச் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். நடை அவருக்கு அன்றாட வேலை. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் தான் பட்ட பாடுகளைப் பட்டியலிடும்போது ஆறுகளால் வந்த ஆபத்தையும் கள்ளரால் வந்த ஆபத்தையும் சொல்கிறார். எந்த ஆறு, எந்த மலை என்று சொல்லவில்லை.

இந்த மௌனத்தின் மேல்தான் 2004இல் ஒரு நடைபாதை திறக்கப்பட்டது. துருக்கியில் குடியேறிய ஆங்கிலப் பெண் கேட் க்ளோ, அதற்கு முன் 1999இல் லிசியா கடலோரத்தில் ஒரு நெடும்பாதையை அமைத்தவர். பழைய ரோமச் சாலைத் துண்டுகள், ஆடு மேய்ப்பவர்களின் தடங்கள், காட்டு வழிகள் ஆகியவற்றை இணைத்து ‘புனித பவுல் பாதை’ என்று பெயர் வைத்து, பாறைகளிலும் மரங்களிலும் சிவப்பு–வெள்ளைக் கோடு தீட்டினார்கள். பெர்கேயிலிருந்து ஒரு கிளை, கிழக்கே ஆஸ்பெந்தோஸ் பக்கத்திலிருந்து இன்னொரு கிளை. இரண்டும் அடாடா என்ற பாழ்நகரத்தில் சேர்ந்து, எயிர்திர் ஏரியைத் தொட்டு, யால்வாச் என்ற சிறுநகரத்தின் வெளிப்புறத்தில் இருக்கும் அந்தியோகியா இடிபாடுகளில் முடிகின்றன. மொத்தம் சுமார் 500 கிலோமீட்டர். மலையேற்றக்காரர்களும் வருகிறார்கள், வேதாகமத்தை முதுகுப்பையில் வைத்திருப்பவர்களும் வருகிறார்கள். நான் நடந்தது வடபாதியை மட்டும். நான் இரண்டாம் வகையா என்று கேட்டால் உடனே பதில் சொல்லத் தெரியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பவுல் இந்த வழியாகப் போயிருக்கும் வாய்ப்பு குறைவு.

கி.மு. 6இல் அகஸ்டஸ் பேரரசருடைய ஆளுநர் ஒருவர் ‘வியா செபாஸ்தே’ என்ற நெடுஞ்சாலையைப் போட்டார். வண்டிகள் போகும் அகலத்தில், மைல்கற்கள் நட்டு, அந்தியோகியாவையும் பேரரசின் மற்றக் குடியேற்ற நகரங்களையும் தென்சமவெளியோடு இணைத்த சாலை. அது பெர்கேயிலிருந்து நேர் வடக்கே ஏறவில்லை. மேற்கே வளைந்து, இன்று தோஷெமே என்று அழைக்கப்படும் கணவாய் வழியாக மேலேறிச் சுற்றிக்கொண்டு போகிறது. பவுல் வந்தது 40களின் பிற்பகுதியில். அப்போது அந்தச் சாலைக்கு வயது ஐம்பது சொச்சம். நல்ல சாலை இருக்கும்போது புதிதாக வந்த இரண்டு பேர் எதற்காகக் குறுக்கே காட்டுக்குள் இறங்க வேண்டும்? குறுக்குவழி தூரம் குறைவு என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. ஆனால் வாதத்தின் எடை சாலையின் பக்கம்தான் சாய்கிறது. பாதை அமைத்தவர்கள் குறுக்குவழியைத் தேர்ந்ததற்கும் காரணம் இருக்கிறது. வியா செபாஸ்தே போன திக்கில் பல இடங்களில் இன்று தார்ச்சாலையும் லாரிகளும்தான். விடுமுறை எடுத்துக்கொண்டு அதில் நடக்க யார் வருவார்கள்?

பவுல் எதற்காக மேலே ஏறினார் என்பதற்கும் விளக்கங்கள் உண்டு. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் ராம்சே 1880 முதல் இந்த நிலப்பரப்பைக் குதிரையிலும் கால்நடையாகவும் அலசியவர். நடபடிகள் நூலைச் சந்தேகத்தோடு படிக்கத் தொடங்கி, கடைசியில் லூக்காவின் பெரிய ஆதரவாளராகிப்போனார். 1895இல் வெளிவந்த தன் நூலில், பெர்கே சமவெளியில் பவுலுக்கு மலேரியா கண்டது, குளிர்ந்த மேட்டுநிலத்தைத் தேடி ஏறினார் என்று எழுதினார். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில், உடல் நலிவால்தான் முதலில் உங்களிடம் வந்தேன் என்று பவுல் சொல்வது அவருக்குச் சான்று. இன்னொரு விளக்கம் கொஞ்சம் உலகியலானது. சைப்ரஸில் பவுலைக் கேட்டு விசுவாசித்த ஆளுநர் செர்கியுபவுல். அந்தப் பெயருடைய குடும்பத்துக்கு அந்தியோகியாவில் வேர் இருந்ததைக் கல்வெட்டு காட்டுகிறது. ஆகவே அவர் ஓர் அறிமுகக் கடிதம் கொடுத்து, ‘எங்கள் ஊருக்குப் போங்கள்’ என்று அனுப்பியிருக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. சுவிசேஷமும் சிபாரிசுக் கடிதத்தோடுதான் மலையேறியது என்பதில் ஓர் ஆறுதல் இருக்கிறது.

நான் வளர்ந்தது பாளையங்கோட்டைப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபையில். எங்களிடம் யாத்திரை என்ற வழக்கம் கிடையாது. ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி, மாதாவின் சப்பரத்தை இழுத்துக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் கத்தோலிக்கர்கள். கூடவே இந்துக்களும். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. வழியெல்லாம் மோர்ப் பந்தல், ஒலிபெருக்கியில் மாதா பாட்டு. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதை ஜன்னல் வழியாகப் பார்த்து, மரியாதையோடும் கொஞ்சம் சங்கடத்தோடும் பேச்சை மாற்றிவிடுவார்கள். இப்போது எங்கள் ஆட்களும் எருசலேமுக்குப் போய்வருகிறார்கள். அரசு உதவித்தொகைகூட உண்டு. ஆனால் அது பஸ்ஸும் வழிகாட்டியும் மதியச் சாப்பாடும் சேர்ந்த ‘டூர்’. யோர்தான் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வருவார்கள். கால் தேயாது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. தமிழ்ப் புராட்டஸ்டண்டுகளின் ஆகப் பெரிய காவியமே ஒரு யாத்திரையைப் பற்றியது. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, ஜான் பன்யனின் நூலைத் தழுவி எழுதி, 1894இல் வெளிவந்த ‘இரட்சணிய யாத்திரிகம்’. கம்பனில் ஊறிய ஒரு வைணவ வேளாளர் 1858இல் ஞானஸ்நானம் பெற்று, பல வருஷம் கடந்தபின் ஒரு நீண்ட நடையைப் பாடுகிறார். அந்த நடையில் எந்தக் கல்லும் தேசப்படத்தில் இருக்கும் கல் அல்ல. மலை என்றால் அது வேறொன்று, சேறு என்றால் அது வேறொன்று. நாங்கள் பெற்றுக்கொண்ட யாத்திரை அதுதான்: பாளையங்கோட்டையிலிருந்து அசையாமல் மோட்சம்வரை நடப்பது.

அதற்கு இறையியல் பலமும் உண்டு. நான்காம் நூற்றாண்டில், இதே அனடோலியாவின் கப்பதோக்கியாவைச் சேர்ந்த ஆயர், நீசாவின் கிரகோரி, எருசலேமுக்கு யாத்திரை போவதைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். இடம் மாறினால் கடவுள் பக்கத்தில் வந்துவிட மாட்டார், புனித நகரத்தில் பாவத்துக்கு ஒன்றும் பஞ்சம் இல்லை என்பது அதன் சாரம். சீர்திருத்தக் காலத்தில் புராட்டஸ்டண்டுகள் இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கத்தோலிக்கரோடு சண்டையிட்டார்கள். அந்தச் சண்டையின் கடைக்குட்டி வாரிசுகளில் நானும் ஒருவன். அப்படியிருந்தும் முதுகில் பையோடு டாரஸ் மலையில் நின்றேன்.

அடாடாவுக்கு ஏறும் வழியில் ரோமர் காலத்துக் கற்பாதை ஒன்று இருக்கிறது. பள்ளத்திலிருந்து நகரத்துக்கு ஏறும் சரிவில், ஆள் படுக்கும் அளவுள்ள பலகைக் கற்களை நெருக்கிப் பதித்திருக்கிறார்கள். சில கற்கள் மழைநீர் அரித்துச் சாய்ந்துவிட்டன. சிலவற்றுக்கு இடையில் முள்ளுச்செடி முளைத்திருக்கிறது. மேற்பரப்பு வழவழவென்று இருப்பதால் ஏறும்போது கால் வழுக்குகிறது. காலை முழுக்கக் கல்லில் பதிக்காமல் இடுக்கில் நுனிக்காலை வைத்துத்தான் ஏற முடிகிறது. நான் குனிந்து ஒரு கல்லைத் தடவிப்பார்த்தேன். அடுத்து என்ன தோன்ற வேண்டுமோ அது தோன்றத் தயாராக இருந்தது: இந்தக் கல்லில்தானே அவர் கால்… ஆனால் மேலே போனதும் தெரியும், அடாடாவில் இன்று நிமிர்ந்து நிற்கும் கோயில்கள் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. டிராஜன் பேரரசருக்குக் கட்டியது, செராப்பிஸ் தெய்வத்துக்குக் கட்டியது. பவுல் இந்த வழியே வந்திருந்தாலும் இவற்றைப் பார்த்திருக்க முடியாது.

பெர்கேயிலும் இதே கதை. நடுவே நீரோடும் வாய்க்காலோடு கூடிய தூண்வரிசைத் தெரு, பிளான்சியா மாக்னா என்ற செல்வப் பெண்மணி அலங்கரித்த வாயில்முற்றம், பெரிய ஓட்டப்பந்தய அரங்கம். கண்ணை நிறைக்கும் பலவும் பவுலுக்குப் பிந்தியவை. அவர் காலத்தில் நின்றிருந்தவை என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியவை தெற்கு வாயிலின் இரண்டு வட்டக் கோபுரங்கள். அவையும் கிரேக்கர் காலத்துப் பழசு. வேதாகமத் தலம் என்று நாம் போய் நிற்கும் இடங்களில் வேதாகமத்தின் வயதுடைய கல் கொஞ்சம்தான். மீதி எல்லாம் பின்னால் வந்தவர்கள் வாழ்ந்துவிட்டுப் போட்டுவிட்டுப் போனது.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த யாத்திரிகர் எகேரியா. மேற்குக் கடலோரத்திலிருந்து, ஸ்பெயினாகவோ தென் பிரான்ஸாகவோ இருக்கலாம், 380களின் தொடக்கத்தில் கிழக்கே வந்த கிறிஸ்தவப் பெண். ஊரில் இருந்த ‘சகோதரிகளுக்கு’ எழுதிய அவரது நீண்ட கடிதத்தின் பிரதி, முன்னும் பின்னும் கிழிந்த நிலையில், 1884இல் இத்தாலியின் அரெட்சோ நகர நூலகம் ஒன்றில் கிடைத்தது. பெரும்பாலும் சவாரி செய்துதான் போனார். சீனாய் மலையில் வாகனம் ஏறாது என்பதால் செங்குத்தாக நடந்தே ஏறினார். போகிற இடமெல்லாம் ஒரே வழக்கம்: ஜெபம், அந்த இடத்துக்குரிய வேதப்பகுதியை அங்கேயே வாசிப்பது, ஒரு சங்கீதம், மறுபடி ஜெபம்.

அவர் நேபோ மலையில் நின்று லோத்தின் மனைவி உப்புத்தூணான இடத்தைப் பார்க்கிறார். பார்த்துவிட்டுச் சகோதரிகளுக்கு எழுதுகிறார்: இடத்தைக் காட்டினார்கள், தூண் இல்லை, உங்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை. அது சில வருஷங்களாகவே கண்ணில் படவில்லை என்று அந்த வட்டாரத்து ஆயர் சொன்னதையும் சேர்த்துவிடுகிறார். ஆபிரகாமின் ஆரானுக்குப் போகிறார். சில குருக்களையும் துறவிகளையும் தவிர அந்த ஊரில் ஒரு கிறிஸ்தவரையும் காணவில்லை, எல்லாரும் வேறு தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள் என்று அதையும் எழுதுகிறார். காட்டிய மரம், காட்டிய கிணறு, காட்டிய சிலை எல்லாவற்றையும் நம்புகிற பெண்தான். மோசே, ஆரோன் சிலைகள் என்று எகிப்தில் யாரோ இரண்டு பழைய சிலைகளைக் காட்டியபோதும் கேள்வி கேட்கவில்லை. ஆனால் இல்லாததை இருப்பதாக எழுதக் கை வரவில்லை. ஆயிரத்து அறுநூறு வருஷம் கழித்து ஜி.பி.எஸ். வைத்துக்கொண்டு நடப்பவர்களிடம் இந்த நேர்மையை நான் எப்போதும் பார்க்கவில்லை. ‘இங்கேதான் பவுல் தண்ணீர் குடித்திருப்பார்’ என்று ஒரு ஓடைக்கரையில் ஒருவர் சொன்னதைக் காதால் கேட்டேன். இனிய மனிதர். நானும் தலையாட்டிவைத்தேன்.

நடையில் பவுலைவிட அதிகம் பார்த்தது மனிதர்களை. இந்த மலைக்கிராமங்களில் பலவற்றில் கடை கிடையாது. இளைஞர்கள் அந்தால்யாவின் ஓட்டல் வேலைகளுக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். வீட்டு முற்றத்தில் கவிழ்த்துப்போட்ட இரும்புத்தட்டில் மெல்லிய ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருவர், நான் வேலிக்கு வெளியே நின்று தண்ணீர்க் குப்பியைக் காட்டியதும் உள்ளே வரச்சொல்லிக் கைகாட்டினார். ஆட்டுப் பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய ரொட்டி, உப்புப் போட்ட மோர். காசு நீட்டியபோது அவர் முகத்தில் வந்த கோபம் எங்கள் ஊர்க் கோபம்தான். அவர் வீட்டுக்காரர், எழுபதைத் தாண்டியவர், என் கைபேசியின் மொழிபெயர்ப்பில் கேட்டார்:

“தம்பி, யால்வாசுக்குத்தான் மினிபஸ் இருக்கிறதே. ஏன் நடக்கிறாய்?”

பவுல் என்று சொன்னேன். புரியவில்லை. சிவப்பு–வெள்ளைக் கோடு என்று விரலால் காற்றில் இழுத்துக் காட்டினேன். “ஓ, அதுவா!” என்று முகம் மலர்ந்து, தன் தோட்டத்துச் சுவரிலேயே ஒன்று இருப்பதைக் காட்டினார். பெயிண்ட் அடிக்க வந்த பிள்ளைகளுக்கும் இதே மோர்தான் கொடுத்தாராம்.

எயிர்திரில் பாதை ஏரிக்கு இறங்குகிறது. 900 மீட்டருக்கு மேல் உயரத்தில், கடலா என்று சந்தேகப்படும் அளவுக்கு விரிந்த நன்னீர் ஏரி. கரையெல்லாம் ஆப்பிள் தோட்டங்கள். ஊரிலிருந்து நீருக்குள் நீளும் ஒரு மண்கரைச் சாலை இரண்டு சிறு தீவுகளை இணைக்கிறது. கடைசித் தீவு யேஷில்அதா. இப்போது அங்கே தங்கும் விடுதிகளும் மீன் உணவகங்களும். அவற்றுக்கு நடுவே ஆயாஸ்தெஃபானோஸ் என்ற சிறிய கல் தேவாலயம் ஒன்று நிற்கிறது, புதுக்கூரை போட்டு, ஆராதனை இல்லாமல். 1920களின் தொடக்கம்வரை இந்தத் தீவில் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தார்கள்.

1923 ஜனவரியில் லோசானில் கிரீஸும் துருக்கியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இரு நாட்டு மக்களையும் மாற்றிக்கொண்டது. போரில் முன்பே ஓடியவர்களையும் சேர்த்தால், துருக்கியை விட்டுப் போன ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். எதிர்த்திசையில் கிரீஸிலிருந்து லட்சக்கணக்கான முஸ்லிம்கள். யார் கிரேக்கர், யார் துருக்கியர் என்று தீர்மானித்தது பேசும் மொழி அல்ல, மதம். இந்த உள்நாட்டுப் பகுதியின் கிறிஸ்தவர்களில் மிகப் பலருக்குத் தாய்மொழி துருக்கிதான். கிரேக்க எழுத்தில் துருக்கி மொழியை எழுதி, அந்த மொழியிலேயே வேதம் வாசித்தவர்கள். அவர்களைக் கப்பலேற்றி, அவர்களுக்குப் பேசத் தெரியாத மொழியின் நாட்டுக்கு அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து 1990இல் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களை நினைக்காமல் என்னால் அந்தத் தீவில் நிற்க முடியவில்லை. அவர்கள் பேசியதும் தமிழ்தான்.

பவுல் விதைத்தது என்று எதையாவது சொல்ல முடியுமானால், பிசீதியாவில் அது இந்தக் குடும்பங்கள்வரை வந்த தொடர்ச்சிதான். பத்தொன்பது நூற்றாண்டுகள் நடுவில் எத்தனையோ ஆட்சிகள் மாறியும் அறுபடாமல் வந்தது, எழுந்து போ என்ற ஓர் உத்தரவில் அறுந்தது. நம் பாதையின் வழிகாட்டிக் குறிப்புகளில் ஏரியின் நிறமாற்றமும் மீன் வகைகளும் வருகின்றன. பவுல் சில வாரங்களே இருந்த ஊரின் இடிபாட்டுக்காக நடக்கும் பக்தர், நூறு வருஷத்துக்கு முன்புவரை தன் மதத்தார் ஜெபித்த கட்டடத்தைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகிறார். எவ்வளவு பழசானால் ஓர் இடிபாடு ‘நம்முடையது’ ஆகிறது? இரண்டாயிரம் வருஷம் என்றால் யாரும் பொறுப்பேற்க வேண்டாம். நூறு வருஷம் என்றால் பேரப்பிள்ளைகள் எங்கோ உயிரோடு இருக்கிறார்கள். ஏதென்ஸின் புறநகரில் பாட்டியின் ஊர்ப்பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும். லூக்காவின் மௌனத்தை நிரப்ப இவ்வளவு பெயிண்ட் செலவழித்தோம். இந்த மௌனத்துக்கு ஒரு கோடுகூட யாரும் போடவில்லை.

யால்வாசில், ஊருக்கு வெளியே ஒரு கிலோமீட்டர் தள்ளி மேட்டில், அந்தியோகியா. டிக்கெட் அறை, வேலி, காய்ந்த புல். கி.மு. 25இல் அகஸ்டஸ் தன் ஓய்வுபெற்ற படைவீரர்களைக் குடியமர்த்திய நகரம். பாறையை அரைவட்டமாகக் குடைந்து அதன் முன்னே அவருக்கே கட்டிய கோயிலின் அடித்தளம் இருக்கிறது. அவர் செய்த காரியங்களை அவரே அடுக்கிச்சொல்லும் புகழ்பெற்ற லத்தீன் சாசனத்தின் துண்டுகள் கிடைத்ததும் இங்கேதான். வடக்கே மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த கால்வாயின் வளைவுகள் சில இன்னும் நிற்கின்றன. ஸ்மிர்னாவில் பாதிரியாராக இருந்த பிரான்சிஸ் அருண்டல் 1833இல் வந்து, இதுதான் நடபடிகளின் அந்தியோகியா என்று அடையாளம் கண்டார். 1924இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் தோண்டினார்கள்.

மேற்குப் பக்கம் தாழ்வாக இருப்பது புனித பவுலின் பேராலயம் என்று சொல்லப்படுவது. 70 மீட்டர் நீளம். சுவர்கள் இடுப்புக்கு மேல் இல்லை. நான்காம் நூற்றாண்டுக் கட்டடம். தரையின் மொசைக்கில் ஒப்திமுஸ் என்ற ஆயரின் பெயர் இருக்கிறது, ஆனால் பாதுகாப்புக்காக மண் போட்டு மூடியிருக்கிறார்கள். பவுல் பிரசங்கித்த ஜெப ஆலயம் இதற்கு அடியில் என்று சொல்பவர்கள் உண்டு. உறுதியான சான்று இல்லை. நான் போயிருந்தபோது ஒரு சிறு குழு அங்கே வட்டமாக நின்று பதின்மூன்றாம் அதிகாரத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தது. எகேரியா செய்தது போலவே. எனக்குத் தெரியாத மொழி. பெயர்கள் மட்டும் காதில் விழுந்தன.

அவர்கள் எந்த வசனத்தில் நிறுத்துவார்கள் என்று எனக்கு ஆவல். ஏனென்றால் இந்த ஊர் பவுலை ஏற்றுக்கொண்ட ஊர் மட்டும் அல்ல. முதல் ஓய்வுநாளில் கேட்டார்கள், அடுத்த வாரம் ஏறக்குறைய ஊரே கூடியது. பிறகு பெரிய மனிதர்களும் பக்தியுள்ள சீமாட்டிகளும் தூண்டிவிடப்பட்டு, இருவரையும் எல்லைக்கு வெளியே துரத்தினார்கள். காலின் தூசியை அவர்களுக்கு எதிராக உதறிவிட்டு இருவரும் இக்கோனியாவுக்குப் போனார்கள். யூதரல்லாதாரிடம் போகிறோம் என்று பவுல் வாய்விட்டு அறிவித்ததும் இங்கேதான். கிறிஸ்தவம் உலக மதமானதற்கு நாள் குறிக்க வேண்டுமென்றால் இந்த மேட்டைக் காட்டலாம். அதே வாக்கியம் பின்னால் யூதர்களுக்கு எதிராக எப்படியெல்லாம் பயன்பட்டது என்பதும் ஐரோப்பாவின் வரலாற்றில் இருக்கிறது. குழு சீமாட்டிகளுக்கு முன்பே நிறுத்திக்கொண்டு பாடத் தொடங்கியது என்று நினைக்கிறேன். ராகம் எனக்குத் தெரிந்த கீர்த்தனை எதிலும் சேரவில்லை.

யால்வாச் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு கல்லைப் பார்க்கத்தான் நான் உண்மையில் வந்தேன் என்று சொல்லலாம். 1912இல் ராம்சேயும் கூட்டாளியும் கண்டெடுத்த லத்தீன் கல்வெட்டு. லூசியஸ் செர்கியுஸ் பவுல்லுஸ், இளையவர் என்று பெயர். சைப்ரஸ் ஆளுநரின் மகனாக இருக்கலாம் என்பது பலரது கருத்து. அவர் வகித்த பதவிகளை வரிசையாகப் பொறித்திருக்கிறார்கள். ஆறாம் படைப்பிரிவில் அதிகாரி, நிதி அலுவலர். அவற்றுக்கெல்லாம் முன்னால், தொடக்கப் பதவியாக, ரோம் நகரத்து வீதிகளைப் பராமரிக்கும் நால்வர் குழுவில் ஒருவர். எழுத்துகள் ஆழமாக, இன்று வெட்டியதுபோல் இருக்கின்றன. கிறிஸ்துவைப் பற்றியோ பவுலைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. வீதி மராமத்து இருக்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில்தான் வந்தேன். யால்வாசிலிருந்து இஸ்பார்த்தா, அங்கே வண்டி மாறி அந்தால்யா. என்னோடு நடந்தவர்கள் சிலரும் அதே பஸ்ஸில். கடைசிப் பகுதியில் சாலை மேட்டுநிலத்தை விட்டு ஒரு கணவாய் வழியாகச் சமவெளிக்கு இறங்குகிறது. முன்னாலும் பின்னாலும் பளிங்குப் பாளம் ஏற்றிய லாரிகள், துறைமுகத்துக்கு. கைபேசியில் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். தோஷெமே கணவாய் சில கிலோமீட்டர் பக்கத்தில்தான் இருந்தது. நாங்கள் இத்தனை நாள் வியர்வை சிந்திய காட்டுவழியைவிட இந்தப் பஸ் போகிற தடம்தான் பவுலின் சாலைக்கு நெருக்கம். பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். வரைபடத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அடுத்த முறை அந்தப் பக்கமாக நடந்துவிடலாம் என்றார்.